திருப்பிக் கட்டுகிறோம், சர்வீஸைத் திருப்பிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 அக்டோபர் 13-ஆம் தேதி பி.எஃப். அறங்காவலர் வாரியம் எடுத்த முடிவைத் திட்டி உங்கள் வாசகர் பக்கத்தில் தொடர்ந்து கடிதங்கள் வருகின்றன. வேலை போய் இரண்டு மாதம் ஆனால், பி.எஃப்.போடு சேர்ந்த பென்ஷன் பணத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்ததை 36 மாதம் ஆக்க முடிவு செய்திருக்கிறார்கள். பசியோடு இருப்பவன் மூன்று வருஷம் காத்திருப்பானா என்று பலரும் கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்விதான். 2003-இல் இந்த விதி வந்திருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன், இதைவிடக் கெட்ட வார்த்தையில்.

எனக்கு இப்போது 59 நடக்கிறது. போன பிப்ரவரியோடு வேலை இல்லை. அன்று அந்தப் பணத்தை எடுத்தவன் நான். எடுத்ததால் என்ன ஆயிற்று என்பதற்கு என்னிடம் ஒரு கணக்கு இருக்கிறது. கடிதம் கொஞ்சம் நீளும். இடம் போதாவிட்டால் கதையைக் குறைத்துக்கொள்ளுங்கள், எண்களை மட்டும் வெட்டிவிட வேண்டாம்.

நான் கோவை ஒண்டிப்புதூர்க்காரன். 1988-இல், 22 வயதில், ஒரு தனியார் பஞ்சாலையில் பதிலியாகச் சேர்ந்தேன். இன்றைய பிள்ளைகளுக்குப் பதிலி என்றால் தெரியாது. சங்கு ஊதுவதற்கு முன்பே கேட்டில் போய் நிற்க வேண்டும். எந்த நிரந்தரத் தொழிலாளி அன்றைக்கு வரவில்லையோ, அவர் இடத்துக்கு உள்ளே விடுவார்கள். எல்லோரும் வந்துவிட்டால் சோற்றுப் போசியை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எட்டு வருஷம் இப்படி. 1996 ஜனவரியில்தான் பெர்மனன்ட் ஆக்கினார்கள், பி.எஃப். நம்பர் விழுந்தது. அதற்கு முந்தைய எட்டு வருஷம் எந்த ஏட்டிலும் இல்லை. அதைப் பற்றி நான் இப்போது கேட்கவில்லை.

ஸ்பின்னிங்கில் சைடு பார்த்தேன். ஓடிக்கொண்டே இருக்கிற ஃப்ரேமில் இழை அறுந்தால் விரலால் எடுத்து ஒட்ட வேண்டும். பார்க்க ஒன்றுமில்லாத வேலை மாதிரி இருக்கும். போன வருஷம் ஆயுள் சான்று கொடுக்கப் போனபோது அந்த மிஷினில் என் கைரேகை ஏழு முறை வைத்தும் விழவில்லை. நூல் தின்றதா, வயசு தின்றதா தெரியாது. கடைசியில் முகத்தைக் காட்டச் சொல்லி ஒப்பேற்றினார்கள்.

2002 டிசம்பரில் மில்லை மூடினார்கள். முதலில் மூன்றாவது ஷிஃப்ட் போயிற்று, அப்புறம் லே-ஆஃப், அப்புறம் கேட்டில் ஒரு நோட்டீஸ். கோவையில் அந்தக் காலத்தில் இது வாரா வாரம் கேட்கிற கதை என்பதால் யாரும் பெரிதாக அதிர்ச்சி அடையவில்லை. அடுப்பு எரிகிற வீட்டுக்காரனுக்குத்தான் தெரியும். எனக்கு அப்போது 36 வயது. மகள் நாலாம் வகுப்பு, மகன் ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டிய வயது. தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கடன் வட்டியோடு நின்றது. மனைவியின் கம்மல் அடகுக் கடையில் இருந்தது.

அன்றைக்குப் பி.எஃப். படிவம் எழுதிக் கொடுப்பதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். மரத்தடியில் ஒரு ஸ்டூல், ஒரு அட்டை, கார்பன் பேப்பர். 200 ரூபாய் வாங்குவார். ஒரு படிவம் பி.எஃப். பணத்துக்கு, 19-ஆம் நம்பர். இன்னொன்று பென்ஷன் பணத்துக்கு, 10-சி. பென்சிலில் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டு வைத்திருப்பார், அங்கே நாம் கையெழுத்துப் போட வேண்டும். 10-சியில் ஒரு வரி இருக்கிறது. பணத்துக்குப் பதிலாக ஸ்கீம் சர்டிபிகேட் வேண்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கும். அவர் அதில் 'இல்லை' என்று டிக் போட்டார்.

"இதென்னங்கண்ணா?" என்று கேட்டேன்.

"அது வெறும் பேப்பருங்க. உங்களுக்குப் பணம் வேணுமா, பேப்பர் வேணுமா?"

"பணந்தானுங்க."

எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். அவர் மீதும் எனக்குக் கோபம் இல்லை. வந்தவர்கள் எல்லோருக்கும் பணம்தான் தேவைப்பட்டது, அவர் அதைச் சீக்கிரம் வாங்கிக் கொடுத்தார். ஆனால் அந்தப் பேப்பர் என்னவென்று எனக்குத் தெரிய 21 வருஷம் ஆயிற்று. 'இவருக்கு இத்தனை வருஷம் பென்ஷன் சர்வீஸ் இருக்கிறது' என்று எழுதித் தருகிற தாள் அது. அடுத்த கம்பெனியில் அதைக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து சர்வீஸ் தொடரும்.

பி.எஃப். 47,000 சொச்சம் வந்தது. அது முழுக்கத் தங்கை கல்யாணக் கடனுக்குப் போயிற்று. பென்ஷன் பணம் 24,000 சொச்சம். கடைசிச் சம்பளம் பேசிக்கும் டி.ஏ.வும் சேர்த்து 3,200. ஏழு வருஷ சர்வீஸுக்குக் கிட்டத்தட்ட ஏழரை மாதச் சம்பளம் என்பது அன்றைய கணக்கு. அந்த 24,000 எங்கே போனது என்று இன்றும் வரிசையாகச் சொல்வேன். கம்மலை மீட்க 11,000. மளிகைக் கடைப் பாக்கி 3,800. வீட்டு வாடகை ஐந்து மாதத்துக்கு 3,500. பள்ளிக்கூடத்துக்கு 1,400. மிச்சத்தில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். ஒரு ரூபாய்கூட வீணாகப் போகவில்லை. பணத்தை எடுத்து ஊதாரித்தனமாகச் செலவழிக்கிறார்கள் என்று டி.வி.யில் பேசுகிறவர்கள் இதையும் கொஞ்சம் எழுதிக்கொள்ளட்டும்.

அதே 2003 செப்டம்பர் 1-ஆம் தேதி வேறொரு மில்லில் வேலை கிடைத்துவிட்டது. மூடிய எட்டாவது மாதம். புது பி.எஃப். நம்பர், புது சர்வீஸ், பூஜ்யத்திலிருந்து.

அந்த மில்லில் பதினாறு வருஷம். ஜாபராகவும், அதாவது மேஸ்திரியாகவும், ஆனேன். 2019 ஆகஸ்டோடு அதையும் நிறுத்தினார்கள். கிராஜுவிட்டி 1,06,000, அதை இரண்டு தவணையாக வாங்கி முடிக்க 14 மாதம் அலைந்தேன். அந்த அலைச்சலைத் தனிக் கடிதமாக எழுத வேண்டும். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்ததால் பி.எஃப். பணத்தை எடுத்தேன். பென்ஷனையும் எடுக்கலாம் என்று போனபோது முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பத்து வருஷ சர்வீஸ் தாண்டிவிட்டால் அதை மொத்தமாக எடுக்க விதி இல்லை, 58 வயதில் மாத பென்ஷன்தான். 50 வயதுக்கு மேல் முன்கூட்டியே வாங்கலாம், ஆனால் 58-க்குக் குறைகிற ஒவ்வொரு வருஷத்துக்கும் 4 சதவீதம் குறையும். எனக்கு அப்போது 53. என் பணத்தை எனக்கே கொடுக்க மாட்டேன் என்பதற்கு இவர்கள் யார் என்று வீட்டில் வந்து கத்தினேன். மனைவி ஒன்றும் பேசாமல் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

இன்று மாதா மாதம் என் கணக்கில் விழுகிற ஒரே பணம், அன்று எடுக்க விடாத அந்தப் பணம்தான்.

எவ்வளவு? 1,771 ரூபாய். 2024 மே மாதம் 58 முடிந்து, ஜூனிலிருந்து வருகிறது. கணக்கு இப்படி: கடைசி 60 மாதச் சம்பளச் சராசரியை சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். அதிலும் 2014 ஆகஸ்ட் வரை உள்ள சர்வீஸுக்கு 6,500-க்கு மேல் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அதற்குப் பிந்தியதற்கு 15,000 வரை. எனக்கு முதல் 11 வருஷத்துக்கு 6,500 வீதம் 1,021 ரூபாய். அடுத்த 5 வருஷத்துக்கு, சராசரி 10,500 வீதம், 750 ரூபாய்.

இப்போது அந்த ஏழு வருஷத்தைச் சேர்த்துப் பாருங்கள். 6,500 பெருக்கல் 7 வகுத்தல் 70 என்றால் 650 ரூபாய். அதோடு முடியவில்லை. இருபது வருஷ சர்வீஸ் தாண்டியவர்களுக்கு இரண்டு வருஷம் போனஸாகச் சேர்த்துக் கணக்கிடுவார்கள். 16-உம் 7-உம் 23. அந்தப் போனஸும் வந்திருக்கும், அது ஒரு 200 ரூபாய். ஆக 2,600-க்கு மேல் வந்திருக்க வேண்டிய இடத்தில் 1,771. மாதம் 850 ரூபாய் நஷ்டம். நான் வாங்கிய 24,000-ஐ 28 மாத நஷ்டம் சாப்பிட்டுவிடும். எனக்குப் பிறகு மனைவிக்கு வரப்போவது இதில் பாதிதான் என்றாலும் 1,000-க்குக் கீழே போகாது என்று ஒரு விதி இருக்கிறது, அந்த 1,000 வரும். முழு சர்வீஸ் இருந்திருந்தால் 1,300 வந்திருக்கும்.

850 ரூபாய் ஒரு பெரிய தொகையா என்று சிலர் நினைக்கலாம். ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் பக்கத்து வீட்டுக்காரர் அப்படித்தான் கேட்டார். எங்கள் வீட்டு வரவைச் சொல்கிறேன். என் பென்ஷன் 1,771. மனைவிக்கு மகளிர் உரிமைத்தொகை 1,000. அவர் இரண்டு வீட்டில் பாத்திரம் கழுவி 5,000 கொண்டுவருகிறார், 54 வயதில், முழங்கால் வலியோடு. மகன் 4,000 தருகிறான், அவனுக்கும் குழந்தை இருக்கிறது. வாடகையே 6,000. ரேஷன் அரிசி இருப்பதால் சோறு ஓடுகிறது. சர்க்கரை மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் வாங்குகிறேன், அங்கே இல்லாத ஒரு மாத்திரையை வெளியே வாங்க மாதம் 600 ஆகிறது. இந்த வரவில் 850 என்பது மாத்திரையும் பால் காசும்.

நடுவில் ஐந்தாறு வருஷம் என்ன செய்தேன் என்றும் சொல்ல வேண்டும். 2020 முடிகிற வரை கிரைண்டர் பட்டறை, காய்கறி மண்டி என்று கிடைத்ததைச் செய்தேன். 2021 ஜனவரியிலிருந்து ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி. ஏஜென்ஸி மூலமாக. இரவு எட்டு மணியிலிருந்து காலை எட்டு மணி வரை, வார லீவு கிடையாது. முதலில் 9,500, கடைசியில் 12,500. சம்பளம் கையில், பி.எஃப். கிடையாது, கேட்டால் நாளைக்கு வர வேண்டாம் என்பார்கள். பி.எஃப். பிடித்திருந்தால் 58 வரை இன்னும் மூன்று வருஷத்துக்கு மேல் சர்வீஸ் ஏறியிருக்கும், அதுவும் ஒரு கணக்கு. சரி, விடுங்கள்.

போன பிப்ரவரியில் குடியிருப்புச் சங்கத்தார் ஏஜென்ஸியை மாற்றினார்கள். புது ஏஜென்ஸிக்காரர் எங்களை வரிசையாக நிற்க வைத்து ஆதாரை வாங்கிப் பார்த்தார். 55-க்கு மேல் வேண்டாம் என்று பார்ட்டி சொல்லியிருக்கிறார்கள் என்றார். பார்ட்டி என்பது அந்தக் குடியிருப்பில் இருப்பவர்கள். நாலு வருஷம் அவர்களுக்குக் கேட் திறந்துவிட்டிருக்கிறேன். அதில் ஒரு அம்மா மட்டும் வந்து, "எங்களுக்குத் தெரியாமலே முடிவு பண்ணிட்டாங்கண்ணா" என்று சொல்லி ஒரு ஸ்வீட் டப்பா கொடுத்தார். ஆறு பேரில் நாலு பேர் அன்றே வெளியே வந்தோம்.

அதன் பிறகு ஒன்பது இடம் கேட்டுவிட்டேன். ஒரு ஓட்டலில் டேபிள் துடைக்கிற வேலைக்கு மனைவி சொன்னதால் தலைக்கு டை அடித்துக்கொண்டு போனேன். ஓட்டல்காரர் நல்லாப் பேசினார், சம்பளம்கூடப் பேசி முடித்தார். கடைசியில் ஆதார் ஜெராக்ஸ் கேட்டார். பார்த்துவிட்டு என் தலையையும் ஒரு முறை பார்த்தார். "சொல்லி அனுப்பறனுங்க" என்றார். பனியன் கம்பெனி செக்கிங்கில் கண் பத்தாது என்றார்கள், அது உண்மைதான். கொரியர் வேலைக்கு வண்டி ஓட்ட வேண்டும். முதியோர் உதவித்தொகையை 2023-இல் மாநில அரசு 1,200 ஆக்கியது, 60 முடிந்ததும் அதற்கு எழுதிப் போடலாமா என்று விசாரித்தேன். அது ஆதரவற்றவர்களுக்கு என்றார்கள். எனக்கு மகன் இருக்கிறான், பென்ஷனும் இருக்கிறது. வேலை கொடுப்பவர்களுக்கு நான் ரொம்பக் கிழவன், உதவித்தொகைக்கு இன்னும் போதுமான ஏழை ஆகவில்லை.

இந்தக் கடிதத்தை எழுத வைத்தது இது எதுவும் இல்லை. என் மகன்தான். 28 வயது, கணபதிப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் சி.என்.சி. ஓட்டுகிறான். போன மாதம் என் ஆயுள் சான்று தேதி பார்க்க அவன் போனை வாங்கினேன். அப்படியே அவன் பி.எஃப். பாஸ்புக்கையும் காட்டச் சொன்னேன். அதில் மூன்று வரிசை இருக்கும். நம் பங்கு, முதலாளி பங்கு, மூன்றாவது பென்ஷன். முதலாளி நம் சம்பளத்தில் 12 சதவீதம் போடுகிறார், அதில் சம்பளத்தின் 8.33 சதவீதம் இந்த மூன்றாவது வரிசைக்குத்தான் போகிறது. முதல் இரண்டு வரிசைக்கு வட்டி ஏறும், மூன்றாவதற்கு ஏறாது. அதனால் பார்க்கிறவனுக்கு அது ஒரு செத்த பணமாகத் தெரியும், இருப்பதை எடுத்துவிடுவோம் என்றுதான் தோன்றும். அந்த வரிசையின் மதிப்பு ரூபாயில் இல்லை, வருஷத்தில் இருக்கிறது என்று பாஸ்புக்கில் எங்கேயும் எழுதவில்லை.

மகனின் மூன்றாவது வரிசையில் எட்டு மாதப் பணம்தான் இருந்தது. ஆறு வருஷமாக வேலை பார்க்கிறாயே, மற்றது எங்கே என்று கேட்டேன்.

"கம்பெனி மாறும்போதெல்லாம் எடுத்துட்டேம்ப்பா. ரெண்டு தடவை."

"பென்ஷனையுமா?"

"ரெண்டுக்கும் சேர்த்துத்தான் கொடுத்தேன். போன்லயே முடிஞ்சுது, ஓடிபி வந்துச்சு, போட்டேன். கம்மிதான்ப்பா, ரெண்டு தடவையும் சேர்த்து முப்பதாயிரம் சொச்சம்."

எனக்கு மரத்தடி ஸ்டூலும் பென்சில் குறியும் ஞாபகம் வந்தன. எனக்காவது அந்த வரியைச் சுட்டிக்காட்டி இதென்னவென்று கேட்க ஓர் ஆள் இருந்தார். இவனுக்கு ஆறு இலக்க எண்தான் இருந்தது.

என்னோடு முதல் மில்லில் சிம்ப்ளக்ஸ் என்கிற பிரிவில் இருந்த ஒரு நண்பர் கதை இதைவிட மோசம். அங்கே ஏழு வருஷம், அப்புறம் ஒரு ஃபவுண்டரியில் ஒன்பது வருஷம். இரண்டு முறையும் பத்து வருஷத்துக்குக் கீழே, இரண்டு முறையும் 10-சி கொடுத்து எடுத்துவிட்டார். மொத்தம் பதினாறு வருஷம். நானும் பதினாறு வருஷக் கணக்கில்தான் பென்ஷன் வாங்குகிறேன். அவருக்கு ஒரு ரூபாய் இல்லை. 61 வயதில் டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறார்.

அதனால்தான் 36 மாதம் என்று வந்ததும் நான் உடனே திட்டவில்லை. அந்த விதி அன்று இருந்திருந்தால் எட்டே மாதத்தில் வேலை கிடைத்த நான் பென்ஷனைத் தொட்டிருக்கவே முடியாது, ஏழு வருஷமும் தப்பியிருக்கும். அதே சமயம் நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பி.எஃப். பணத்தில் 75 சதவீதத்தை உடனே தரலாம், மிச்சத்துக்கு 12 மாதம் காத்திருக்க வேண்டும் என்பது அவர்கள் எடுத்திருக்கிற இன்னொரு முடிவு. அதன்படி எனக்கு அன்று 35,000 கிடைத்திருக்கும். கடன்காரர் அதை வாங்கிக்கொண்டு மிச்சத்துக்கு வட்டி போட்டிருப்பார். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லியிருப்பார். கம்மல் முழுகிப் போயிருக்கும். எட்டு மாதம் என்பது பின்னால் திரும்பிப் பார்க்கிறபோது 'எட்டே மாதம்'. உள்ளே இருப்பவனுக்கு அதற்கு முடிவு தெரியாது.

இதை மனைவியிடம் சொன்னேன். "கம்மல் போனா போவுதுன்னு சொல்லியிருப்பனுங்க. எங்கிட்ட யாரு கேட்டீங்க?" என்றார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. அந்தக் கம்மல் போன மார்ச்சிலிருந்து மறுபடி அடகில்தான் இருக்கிறது.

ஆகவே விதியைக் கடுமையாக்குவது மட்டும் போதாது என்பது என் கருத்து. மூன்று வருஷம் பூட்டி வைப்பதென்றால், வேலை இல்லாதவனுக்கு அந்தப் பணத்தின் பேரில் சர்வீஸ் அறுந்து போகாமல் ஒரு கடனாவது கொடுங்கள். அடுத்த கம்பெனியில் சேர்ந்ததும் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். எடுத்துத்தான் ஆக வேண்டும் என்கிறவனுக்கு, ஓடிபி போடுவதற்கு முன்னால் அந்தப் போனில் அவன் மொழியில் இரண்டு வரி வரட்டும்: நீங்கள் எடுக்கப்போவது இவ்வளவு ரூபாய், இதனால் போவது இத்தனை வருஷ சர்வீஸ், 58 வயதில் மாதம் இவ்வளவு குறையும். கணக்குப் போடுகிற கம்ப்யூட்டர் அவர்களிடம்தான் இருக்கிறது. என் மகன் அதைப் பார்த்திருந்தால் இரண்டாவது முறையாவது நிறுத்தியிருப்பான் என்று நம்புகிறேன். முதல் முறை நிறுத்தியிருக்க மாட்டான், எனக்கு அவனைத் தெரியும்.

முக்கியமாகக் கேட்பது, ஏற்கனவே எடுத்துவிட்ட எங்களைப் பற்றி. எடுத்ததைத் திருப்பிக் கட்டி, போன சர்வீஸைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஒரு வழி வேண்டும். இது நடக்காத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். 2022 நவம்பர் 4-ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, முழுச் சம்பளத்துக்கும் பென்ஷன் கேட்டவர்களிடம் பழைய பாக்கியை வட்டியோடு வாங்கிக்கொண்டு உயர் பென்ஷன் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். 2023 ஜூலை 11 வரை மனு வாங்கினார்கள். 15,000-க்கு மேல் சம்பளம் வாங்கியவர்களுக்கு இருபது வருஷத்துப் பழைய கணக்கைத் தோண்டி எடுக்க முடிந்தது. இன்னொன்றும் உண்டு. 2008-க்கு முன்பு பென்ஷனில் மூன்றில் ஒரு பங்கை மொத்தமாக வாங்கிக்கொண்டவர்களுக்கு, 15 வருஷம் கழித்து முழு பென்ஷன் தரலாம் என்று 2020-இல் ஆணை போட்டார்கள். மொத்தமாக வாங்கியவன் சாகும் வரை அதற்காகக் குறைத்து வாங்க வேண்டியதில்லை என்று அரசே ஒத்துக்கொண்ட விஷயம் இது. நானும் மொத்தமாக வாங்கியவன்தான், வேலையில் இருந்து ஓய்வு பெறும்போது வாங்காமல் வேலை போனபோது வாங்கினேன், அவ்வளவு வித்தியாசம்.

இதில் எனக்கு லாபம் இருக்கிறதா என்று மகன் கணக்குப் போட்டான். 24,000-க்கு 22 வருஷம், 8.5 சதவீதம் கூட்டு வட்டி என்று வைத்தால் 1,44,000 ஆகிறது. மாதம் 850 என்றால் அதை மீட்க 14 வருஷம். "எழுபத்தி மூணு வயசு வரைக்கும் இருந்தாத்தான்ப்பா அசலே வரும்" என்றான். சரியான கணக்கு. அத்தனை வட்டி போடாதீர்கள் என்று கேட்பேன், தவணையாகப் பென்ஷனிலேயே பிடித்துக்கொள்ளுங்கள் என்று கேட்பேன். முழு வட்டியும் கேட்டாலும் எனக்குச் சம்மதம்தான். மனைவி என்னைவிட ஐந்து வயது இளையவர், அவர் வீட்டில் எல்லோரும் எண்பது தாண்டுகிறவர்கள். சிம்ப்ளக்ஸ் நண்பருக்கோ அந்த ஏழு வருஷத்தையும் ஒன்பது வருஷத்தையும் திருப்பிக் கொடுத்தால் இரண்டும் சேர்ந்து பத்தைத் தாண்டிவிடும், இல்லாத பென்ஷன் வந்துவிடும். அவரைப் போன்றவர்களுக்கு இதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. மகன் வயதில் இருப்பவர்களுக்கு வட்டியே அதிகம் ஏறியிருக்காது, இப்போதே கட்டிவிடலாம்.

குறைந்தபட்ச பென்ஷனைப் பற்றியும் எழுதலாம். 2014 செப்டம்பரில் 1,000 என்று வைத்தார்கள், இன்றும் அதே 1,000. பஞ்சப்படி கிடையாது. ஒண்டிப்புதூரில் அன்று ஏழு ரூபாய்க்கு டீ குடித்தேன், இன்று பதினைந்து. அந்தக் குறைந்தபட்ச பென்ஷனை 7,500 ஆக்கக் கேட்டு டெல்லி வரை போய்ப் போராடுகிறவர்கள் இருக்கிறார்கள், நானும் இங்கே ஒரு முறை போய் உட்கார்ந்திருக்கிறேன். அவர்கள் வென்றால் நல்லது. அந்தக் கோரிக்கையின் நிழலில் எங்கள் கோரிக்கையை யாரும் கேட்பதே இல்லை என்பதால்தான் தனியாக எழுதுகிறேன்.

40 வயதில் இருக்கிற வாசகர்கள் யாராவது இதைப் படித்தால், இன்றைக்கே பாஸ்புக்கைத் திறந்து முந்தைய கம்பெனியின் சர்வீஸ் இப்போதைய நம்பருக்கு மாற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெயரில் ஓர் எழுத்து, பிறந்த தேதியில் ஓர் எண் தவறியிருந்தால் வேலையில் இருக்கும்போதே திருத்திக்கொள்ளுங்கள். மில் மூடிய பிறகு கையெழுத்துப் போட முதலாளி எங்கே என்று தேட வேண்டிவரும். என்னோடு இருந்த ஒருவர் ஒன்றரை வருஷம் தேடினார்.

அன்று கொடுத்த 10-சி படிவத்தின் நகல் ஒன்று என்னிடம் இருந்தது. எது கொடுத்தாலும் ஜெராக்ஸ் எடுத்து வை என்று எங்கள் சங்கத்துத் தோழர் சொல்லிக்கொண்டே இருப்பார், அந்தப் பழக்கத்தில் வைத்திருந்தேன். அந்த 'இல்லை' டிக் அதில் தெளிவாகத் தெரிகிறது. அதை இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். அச்சில் போடுவதானால் என் பெயர், கையெழுத்து, கணக்கு எண் மூன்றையும் மறைத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் தயவுசெய்து திருப்பி அனுப்புங்கள். ஸ்டாம்ப் ஒட்டிய கவர் உள்ளே இருக்கிறது.

இப்படிக்கு,
முன்னாள் பஞ்சாலைத் தொழிலாளி,
ஒண்டிப்புதூர், கோவை.